சனிக்கிழமை ஓடாத மெஷின்

அத்தியாயம் ஐந்து

டுவைட் முப்பதாவது தடவையாகக் கயிற்றை இழுத்தான். மெஷின் ஒரு தடவை இருமக்கூட இல்லை.

"பாஸ், இதுக்கு உயிர் இருக்கான்னு முதல்ல ஒரு டாக்டரைக் கூப்பிட்டுக் கேக்கலாம்."

"இழு," என்றாள் வெர்னா.

"இன்னும் ரெண்டு தடவை இழுத்தா டாக்டர் எனக்குத்தான்."

கராஜின் சிமென்ட் தரையில் கிடந்தது ஒரு பெட்ரோல் ப்ளோயர். காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் சாதனம். நவம்பர் மாதத்தில் கெல்லர்ஸ் ஃபோர்டு ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் இதன் அலறல் காதைக் கிழிக்கும். இன்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக்கூட எங்கோ இரண்டு தெரு தள்ளி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. இது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வெர்னா ஹலூஸ்காவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்பவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது அதையே லாண்டரிக் கடை மாடியில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகச் செய்கிறாள். டுவைட் அவளுடைய ஒரே உதவியாளன். நாற்பத்து நான்கு வயது. முன்பு புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கடை மூடியது, வாய் மூடவில்லை.

காணாமல் போனவர் இந்த வீட்டுக்காரர், எம்மெட் லிண்டால். எழுபத்து நான்கு வயது. முப்பத்தோரு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகள் மாரிட், அரிசோனாவில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அப்பாவுக்குப் போன் செய்வாள். நேற்று மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. ஷெரீஃப் ஆபீஸுக்குச் சொன்னாள். மாலையில் ஓர் இளம் அதிகாரி வந்தார், கதவைத் தட்டினார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

'சனிக்கிழமை காலை லிண்டால் தோட்டத்தில் இலை தள்ளிய சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். டிரக் இல்லை. வயது வந்த ஆள், தானாகப் போயிருக்கிறார். இரண்டு நாள் பார்க்கலாம்.'

மாரிட் அதற்குக் காத்திருக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வெர்னாவை அழைத்துவிட்டாள். "அப்பா சொல்லாம எங்கேயும் போக மாட்டார் மேடம்," என்றவள் சற்று நிறுத்தி, "சொல்றதுக்கு என்னை விட்டா ஆள் கிடையாது," என்றாள்.

மாரிட் சொன்ன இடத்திலிருந்து சாவியை எடுத்துத் திறந்ததும் வெர்னா முதலில் சமையலறையைத்தான் பார்த்தாள். வடிதட்டில் ஒரு தட்டு, ஒரு கப், ஒரு ஸ்பூன். சுவரில் பழைய டயல் போன். மேஜைக்கு நான்கு நாற்காலி. மூன்றின் மேல் தூசு இருந்தது. எதிலும் பதற்றம் தெரியவில்லை, அவசரம் தெரியவில்லை. தபால் பெட்டியில் மூன்று நாள் விளம்பரக் காகிதங்கள்.

"இது ஒரு தடயம்தானே பாஸ்?" என்று கேட்டான் டுவைட்.

"தனியா இருக்கிறவங்க பெட்டியைத் தினமும் திறக்க மாட்டாங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பேன். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கராஜுக்கு வா."

அப்படித்தான் டுவைட் இப்போது மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான்.

"காணாமப் போனது மனுஷன். நாம ஏன் மெஷினை விசாரிச்சிட்டிருக்கோம்?"

"கடைசியா அவர் உயிரோட இருந்ததுக்கு ஒரே அத்தாட்சி இதோட சத்தம். அப்போ இதுதான் முக்கிய சாட்சி."

"சாட்சி வாயே திறக்க மாட்டேங்குதே."

"நீதானே பதினாலு வருஷம் இதுங்களைப் பேச வெச்சவன்? பேச வை."

டுவைட் முட்டி போட்டு உட்கார்ந்தான். கிண்டல் போய், கைகள் பழைய வேலைக்குத் திரும்பின. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தான். "புது பெட்ரோல். போன வாரம் ஊத்தினது. பழசா இருந்தா வார்னிஷ் நாத்தம் அடிக்கும்." ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். பளபளவென்று புதிது. அதன் காலி அட்டைப்பெட்டி பெஞ்சின் மேலேயே இருந்தது. பிளக்கை எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தான். நீலமாக ஒரு பொறி தெறித்தது. ஏர் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த ஃபில்டர்.

"மனுஷன் ஒண்ணும் தெரியாதவர் இல்ல பாஸ். நான் செய்யற வரிசையிலதான் செஞ்சிருக்கார். பெட்ரோல் இருக்கு, பொறி இருக்கு, காத்து இருக்கு. நியாயமா ஓடணும்."

வெர்னா குனிந்து மெஷினைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "இதெல்லாம் உள்ள போற வழி. வெளிய வர்ற வழியைப் பாத்தியா?"

டுவைட் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெஷினைத் திருப்பி சைலன்சரின் தகரத்தைக் கழற்றினான். புகை வெளியேறும் துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டான். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினான். பொடிப்பொடியாக மண் உதிர்ந்தது.

"அடப்பாவி. குளவி!"

கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மண்கூடு. உடைத்ததும் உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் குஞ்சுக்குத் தீனியாக அடைத்து வைத்த சிலந்திகள், சுருண்டு காய்ந்து கிடந்தன.

"புகை போற வாயில குடும்பமே நடத்தியிருக்கு. வாயை அடைச்சா எவன்தான் மூச்சு விடுவான்? கிழவர் எல்லா இடத்தையும் பாத்துட்டு இதை மட்டும் விட்டுட்டார்."

"குளவி எப்போ கூடு கட்டும்?"

"ஜூலை, ஆகஸ்டுல. இந்தக் குளிருக்கு ஒண்ணும் பறக்காது."

"சனிக்கிழமை காலைல இந்த மெஷின் ஓடியிருந்தா இந்தக் கூடு எப்படி இருக்கும்?"

டுவைட் உள்ளங்கையில் இருந்த மண்ணைப் பார்த்தான். புத்தம் புதிதாய்ப் பூசியது போல் வெளிர் நிறம். கரி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"இருக்காது பாஸ்," என்றான் மெதுவாக. "சனிக்கிழமை இது ஓடலை. கோடைக்கு அப்புறம் ஓடவே இல்லை."

"ஆனா தோட்டம் சுத்தமா இருக்கு."

இருவரும் வெளியே வந்தார்கள். எம்மெட் வீட்டுப் புல்தரையில் ஓர் இலைகூட இல்லை. நகராட்சி லாரி உறிஞ்சிக்கொண்டு போவதற்காக இலைகள் தெருவோரமாக நீளமாய்க் குவிந்து கிடந்தன. வெர்னா அந்தக் குவியலை ஒட்டியே நடந்தாள். எம்மெட் வீட்டு எல்லையில் ஒரு பெரிய மேப்பிள் மரம், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். மரத்தைத் தாண்டியும் நடந்தாள். அடுத்த வீட்டின் கோடி வரைக்கும் போய் நின்றாள்.

"டுவைட், ரெண்டு பேர் தனித்தனியா இலை தள்ளினா குவியல் எப்படி இருக்கும்?"

"ரெண்டா இருக்கும். ஒருத்தன் கோணலா, ஒருத்தன் மொட்டையா."

"இங்க எத்தனை இருக்கு?"

டுவைட் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வரிசை. ஒரே உயரம், ஒரே அகலம். எல்லையில் ஒரு விரற்கடை இடைவெளி கூட இல்லை.

"ஒரே கை," என்றான்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திரை லேசாக ஆடியது.

வெர்னா இரண்டாம் முறை தட்டுவதற்கு முன் கதவு திறந்தது. உயரமான, ஒல்லியான கிழவர். சட்டைப் பட்டன் கழுத்துவரை போட்டிருந்தார். கிளேட்டன் ரஸ்க், எழுபத்திரண்டு வயது, தனி ஆள்.

"நேத்தே அந்த அதிகாரிப் பையன்கிட்ட சொல்லிட்டேன் மேடம். சனிக்கிழமை ஒன்பது மணி. ப்ளோயர் சத்தம். அவ்வளவுதான் தெரியும்."

"சத்தம் கேட்டது நிஜம்தான் மிஸ்டர் ரஸ்க். யாரோட ப்ளோயர்?"

"அவன் தோட்டத்துல வேற யாரு ஊதுவா?"

"அவரோட ப்ளோயர் வாயில குளவி கூடு கட்டியிருக்கு. ஜூலையிலேர்ந்து அது ஊமை."

 கிளேட்டனுக்குப் பின்னால் ஹாலில், செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு ப்ளோயர் இருந்தது. டுவைட் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுது ரொம்ப நல்லா பாடும் போலிருக்கே சார். ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பாடியிருக்கு," என்றான்.

"உள்ள வாங்க," என்றார் கிளேட்டன். குரல் கீழே இறங்கியிருந்தது.

அவர் உட்காரச் சொல்லவில்லை. அந்த வீட்டிலும் உட்கார்ந்து பழகிய நாற்காலி ஒன்றே ஒன்றுதான்.

"அந்த மரத்தை வெட்டணும்னேன். வேர் என் வீட்டு அஸ்திவாரத்துக்கு வருது. அவன் மாட்டேன்னான். அவன் பொண்டாட்டி நட்ட மரம். வார்த்தை தடிச்சிடுச்சு. பதினோரு வருஷம் ஆச்சு மேடம், நாங்க பேசி. அந்தம்மா செத்தப்போகூட நான் போகலை." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன திங்கக்கிழமை கயிறு இழுக்க ஆரம்பிச்சான். இழுப்பான், நிறுத்துவான், திட்டுவான். மறுபடி இழுப்பான். செவ்வாயும் அதேதான். புதனும் அதேதான். சுவரு மெலிசு. கேக்காம இருக்க முடியலை."

"அப்புறம்?"

"வியாழன் சத்தம் இல்லை. வெள்ளியும் இல்லை. விட்டுட்டான்னு நெனச்சேன். சனிக்கிழமை என் பக்கம் தள்ளி முடிச்சேன். மெஷின் ஓடிட்டுத்தானே இருக்குன்னு அவன் பக்கமும் போயிட்டேன்."

"ஏன்?"

கிளேட்டன் கழுத்துப் பட்டனைத் தொட்டார். "சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வருவான்னு பாத்தேன். என் நிலத்துல உனக்கென்னடா வேலைன்னு கத்துவான். கத்தினா நானும் கத்துவேன். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அதுவும் ஒரு பேச்சுத்தானே? ஒன்றரை மணி நேரம் ஊதினேன். வரவே இல்லை. சரி, திட்டக்கூட மனசில்லை போலன்னு வந்துட்டேன்."

"இதை அதிகாரிகிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? எதிரி வீட்டு இலையைக் கூட்டினேன், அவன் எட்டிக்கூடப் பாக்கலைன்னா? ஊர் சிரிக்கும். அதான் அவனே ஊதினான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

வெர்னா குரலை உயர்த்தவில்லை. "புதன்கிழமை கடைசியா என்ன கேட்டீங்க?"

"மத்தியானம் மூணு மணி இருக்கும். கயிறு நின்னுச்சு. டிரக் கிளம்பிப் போச்சு."

"திரும்பி வந்ததைக் கேட்டீங்களா?"

கிளேட்டன் அந்த ராத்திரியைக் காதில் தேடுவதுபோலக் கண்களை மூடினார். 

"கராஜ் கதவு கிறீச்சுனு சத்தம் போடும்," என்றார். "கேக்கலை. நான் சீக்கிரம் படுத்துடுவேன்... அதுக்கப்புறம் வந்திருப்பான்னு... நான் அந்தப் பக்கம் பாக்கறதே இல்லைன்னு வெச்சிருக்கேன் மேடம்."

"சனிக்கிழமை வீட்ல இருந்தவரைத் தேடறதுக்கு அவசரம் இல்லைன்னு எழுதி வெச்சிருக்காங்க. அவர் போனது புதன்கிழமை. இன்னிக்கு அஞ்சு நாள்."

எம்மெட் வீட்டுக் கராஜிலிருந்து டுவைட்டின் குரல் வந்தது. எப்போது நழுவிப் போனான் என்று தெரியவில்லை. "பாஸ்! இங்க வாங்க! நம்ம சாட்சி இன்னொண்ணையும் மறைச்சிருக்கு!"

குளவிக்கூட்டைச் சுத்தமாக எடுத்த பிறகும் மெஷின் கிளம்பவில்லை. டுவைட் கார்புரேட்டரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தான்.

"பாருங்க. இந்த மூடிக்குக் கீழ ஒரு ரப்பர் சவ்வு இருக்கணும். பெரிய பட்டன் அளவுதான். அதுதான் பெட்ரோலை உறிஞ்சிக் குடுக்கும். அது இல்லை."

"விழுந்திருக்குமா?"

"எடுத்திருக்கார். நாலு ஸ்க்ரூவும் கையால முடுக்கினது. விரல்ல திருகினாலே கழண்டு வந்துடுச்சு. இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யற மனுஷன் டிரைவர் போட்டு இறுக்காம விடுவாரா?"

வெர்னாவின் கண்கள் சுருங்கின. "திரும்பி வந்து மறுபடி கழட்டப் போறவர்தான் விடுவார்."

"அதேதான். சவ்வுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, மாதிரிக்கு அதையே பாக்கெட்ல போட்டுட்டுப் புதுசு வாங்கப் போயிருக்கார். கெட்டது சவ்வே இல்லை, பாவம். குளவிதான்."

"எங்க கிடைக்கும்?"

"இது இருபது வருஷத்து மெஷின். செஞ்ச கம்பெனியே இப்போ இல்லை. ஊர்க் கடையில கேட்டா சிரிப்பான். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு ஆள், ஹோபர்ட். இருபத்தெட்டு மைல் தெற்கே, மலைக்குள்ள. செத்துப்போன மெஷினுக்கெல்லாம் அங்கதான் இடுகாடு."

டுவைட் தன் போனில் ஹோபர்ட்டைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"எம்மெட்டா?" என்றது கரகரத்த குரல். "புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாரே. சவ்வு இருக்கு, வாங்கன்னேன். அஞ்சு மணி வரைக்கும் திறந்து வெச்சிருந்தேன். கவர்ல அவர் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். ஆள் வரலை. வேற எங்கயோ கிடைச்சிருக்கும்னு விட்டுட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு மேல் மலைப்பக்கம் மழை கொட்டிச் சாலையிலேயே பனிக்கட்டியாக உறைந்தது. ரேடியோவில் எச்சரிக்கை சொன்னார்கள். வெர்னாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று அவள் ஆபீஸ் ஜன்னலில் ஊருக்குள் பெய்த மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷெரீஃப் ஆபீஸுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு அவள் காரை எடுத்தாள். நெடுஞ்சாலை வழியாக ஒரு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். டுவைட் முன்னால் ஏறினான். பின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கிளேட்டன், கனமான கோட்டு போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, இது டாக்ஸி இல்லை," என்றான் டுவைட்.

"வண்டியை எடுக்கச் சொல்லு."

இருபது மைல் தெற்கே போனார்கள். சோளம் அறுத்த வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. பிறகு மேடு ஆரம்பித்தது, மரங்கள் நெருங்கின. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வெர்னா வேகத்தைக் குறைத்தாள்.

"மேல் ரோடுதான் பாஸ்," என்றான் டுவைட். "தார் ரோடு. ஹோபர்ட் வீட்டுக்கு எல்லாரும் அப்படித்தான் போவாங்க."

"கீழ போங்க," என்றார் கிளேட்டன்.

"அது பழைய குவாரி ரோடு சார். மாடுகூடப் போகாது."

"அவன் போவான். ஓடைக்கு மீன் பிடிக்க அப்படித்தான் போவோம். முப்பது வருஷமா மத்தவங்க சொன்ன ரோட்டுல ஓட்டினேன், இனிமே எனக்குப் பிடிச்ச ரோடும்பான்."

"கடைசியா எப்போ போனீங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"மே மாசம். பதினோரு வருஷம் முன்னாடி."

வெர்னா கீழ் ரோட்டில் திருப்பினாள்.

அது ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் கிடையாது. டயர் தடம் தேடவும் வழியில்லை. எல்லாவற்றையும் இலைகள் மூடியிருந்தன. நடக்கும் வேகத்தில் ஓட்டினாள். கிளேட்டன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். காற்று முகத்தில் அறைந்தது. அவர் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது வளைவில், "நிறுத்துங்க," என்றார்.

பள்ளத்து ஓரத்தில் ஒரு பிர்ச் மரக்கன்று முழங்கால் உயரத்தில் முறிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

டுவைட் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். முப்பதடி கீழே, ஒரு நீல டிரக் பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. மேலெல்லாம் இலை. நேராகப் பார்த்தால்கூட ஒரு பாறை என்றுதான் தோன்றும்.

அவன் சறுக்கிக்கொண்டே இறங்கினான். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். பிறகு நிமிர்ந்து மேலே கத்தினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"மூச்சு இருக்கு பாஸ்! உயிரோட இருக்கார்!"

வெர்னா போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. "மேல வா! வளைவு தாண்டினா கிடைக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு ரோட்டுலயே நில்லு. அவங்களுக்கு இடம் தெரியாது."

டுவைட் வேரைப் பிடித்து ஏறி வந்தான். அவன் மேலே வரும்போதே கிளேட்டன் கீழே இறங்க ஆரம்பித்திருந்தார். உட்கார்ந்து, நகர்ந்து, மரம் மரமாகப் பிடித்து. வெர்னா பின்னாலேயே இறங்கினாள்.

எம்மெட்டின் வலது கால் டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. உடம்பைச் சுற்றி ஒரு பழைய கம்பளி. மடியில் காலி பிஸ்கெட் பாக்கெட். உடைந்த ஜன்னல் ஓரத்தில் ஃப்ளாஸ்கின் மூடி, மழைத்தண்ணீர் பிடிக்க வைத்தது, கொஞ்சம் பனிக்கட்டியோடு. தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் நகர்ந்தது.

"யாரு?"

 கிளேட்டன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நான்தான்."

"நான்னா?"

"கிளேட்டன்."

 எம்மெட் ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்தார்.

"மரத்தை வெட்டிட்டியா?"

"இல்லடா. இருக்கு."

"சரி."

கிளேட்டன் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி, எம்மெட்டின் கழுத்துவரை இழுத்து மூடினார். பிறகு தானும் பாதி உடம்பை உள்ளே நுழைத்து அவர் கையைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெர்னா தன் தெர்மாஸிலிருந்த காபியைக் கொடுத்தாள். கிளேட்டன் அதை விரலில் தொட்டு எம்மெட்டின் உதட்டில் வைத்தார்.

"ஹார்ன் அடிச்சேன்," என்றார் எம்மெட். "பேட்டரி தீர்ற வரைக்கும் அடிச்சேன். மேல ஒரு வண்டி போச்சு. நிக்கலை. அப்புறம் ஒண்ணும் போகலை." மூச்சு வாங்கியது. "இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

எம்மெட் மனதுக்குள் நாட்களை எண்ணுவது தெரிந்தது. உதடுகள் அசைந்தன. எண்ணி முடித்ததும் கண்களை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே கேட்டார், யாரிடமும் கேட்காத மாதிரி:

"யாராவது என்னைத் தேடினாங்களா?"

வெர்னா கிளேட்டனைப் பார்த்தாள். கிளேட்டன் அவளைப் பார்க்கவில்லை.

"தேடினாங்களாவா? ஊரே தேடுதுடா."

"ஊரேவா?"

"புதன் ராத்திரியிலேர்ந்து. நீ வரலைன்னதும் நான்தான் முதல்ல சொன்னேன். ஸ்கூல்லேர்ந்து வந்தாங்க, சர்ச்லேர்ந்து வந்தாங்க. தெருவுல ஒரு வீட்ல ஆள் கிடையாது. எல்லாம் மலையிலதான்."

இருபத்தாறு வருடம் பொய்யை அங்கேயே பிடித்து நிறுத்திய வெர்னா, குனிந்து காபி மூடியைத் திருகினாள்.

 எம்மெட்டின் கண்ணிலிருந்து ஒழுகியது தாடிக்குள் போனது.

"இப்பவுமா? மேல நிக்கறாங்களா?"

"நிக்கறாங்க."

"இந்தக் குளிர்லயா?" எம்மெட் தலையை நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. "ஏன்டா நிக்க வெச்சிருக்க? வீட்டுக்குப் போகச் சொல்லு, பாவம்."

கிளேட்டன் ஜன்னலிலிருந்து உடம்பை வெளியே எடுத்தார். நிமிர்ந்து நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துக் கத்தினார்.

"ஆளு கிடைச்சாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

மேலே டுவைட், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து, தனியாக நின்றுகொண்டிருந்தான். சாலையின் இந்தக் கோடியைப் பார்த்தான், அந்தக் கோடியைப் பார்த்தான். ஒரு ஈ காக்கை இல்லை. என்ன இது என்பதுபோலக் கைகளை விரித்தான். வெர்னா கீழிருந்து அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள்.

டுவைட் ஒரு நொடி நின்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரிங்க! கிளம்பறோம்!"

சில அடி தள்ளிப் போய் நின்று, குரலைத் தடிப்பாக்கி, மறுபடி கத்தினான்.

"எம்மெட்டை நாங்க கேட்டதா சொல்லுங்க!"